பழைய தொட்டி மண்ணைக் கொட்டாதீர்கள்

கேள்வி: வீட்டில் 12 தொட்டிகளில் தக்காளி, மிளகாய், கீரை, புதினா வளர்க்கிறேன். விளைச்சலுக்குக் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மண் கலவை, நாற்று, உரம், பூச்சி மருந்து என்று வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. எதை நிறுத்தலாம், எதில் கை வைக்கக் கூடாது?

பதில்: நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். காய்ப்பு முடிந்த தொட்டியின் மண்ணை என்ன செய்கிறீர்கள்? பலர் செடியோடு மண்ணையும் கொட்டிவிட்டுப் புதுக் கலவை வாங்குகிறார்கள். தொட்டித் தோட்டத்தில் பணம் கரைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு பருவம் செடி வளர்ந்ததால் மண் வீணாகிவிடாது. சத்து குறைந்திருக்கும், மக்கு கரைந்து அளவு இறங்கியிருக்கும், கொஞ்சம் இறுகியிருக்கும், அவ்வளவுதான். உதிர்த்து, தடித்த வேர்களைப் பொறுக்கிவிட்டு, மூன்று பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்தால் அடுத்த செடிக்குத் தயார்.

வேரைப் பொறுக்கும்போது மட்டும் உற்றுப் பாருங்கள். தக்காளி வேரில் அங்கங்கே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. பீன்ஸ், அவரை வேரிலும் சின்ன உருண்டைகள் இருக்கும், பயப்பட வேண்டாம். அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம், நகத்தால் தட்டினால் தனியே உதிரும். நூற்புழு முடிச்சு உதிராது, ஏனென்றால் அங்கே வேரே வீங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணை ஈரப்படுத்தி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளுக்குள் மெல்லிதாகப் பரப்பி மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் போட்டு வையுங்கள். அப்புறமும் அடுத்த பருவம் அதில் தக்காளி, மிளகாய் வேண்டாம்.

சரி, அந்த ஒரு பங்கு மக்கு உரத்துக்கு எங்கே போவது? காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு, அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய வாளி, இவ்வளவு போதும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், ஆனால் தண்ணீர் ஒழுகக் கூடாது. நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறிவிடுங்கள். சில மாதங்களில் தோல் எது, இலை எது என்று தெரியாமல் கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அதற்கு முன்னால் அவசரப்பட்டுச் செடிக்குப் போட வேண்டாம்.

நாற்று வாங்குவதை ஏறக்குறைய முழுவதுமாகவே நிறுத்தலாம். புதினாவில் கணுவுக்குக் கீழே வெட்டிய ஒரு கொம்பைத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். தக்காளிக்கு, நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாற்றோடு ஒரு டம்ளரில் 2, 3 நாள் புளிக்க விடுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பதைத் தடுக்கும், புளித்தால் அது கரைந்துவிடும். கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு ஆண்டைக் குறித்து வைத்தால் நாலைந்து வருஷம் தாங்கும். ஆனால் தாய்ச் செடி வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியதாக, இருக்கக் கூடாது. விதைப் பாக்கெட்டில் ‘எஃப்1’ என்று போட்டிருந்தால், அதிலிருந்து எடுத்த விதை தாய்ச் செடி போல வராது. மிளகாயில் தேனீக்கள் ரகங்களைக் கலந்துவிடும், அதனால் ஒரே ரகம் வளர்ப்பவர்கள்தான் விதையை நம்பி எடுக்கலாம்.

பழைய விதை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். ஐந்து முளைத்தால், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூவினால் முடிந்தது.

பாட்டில் உரங்களில் பாதி தேவையற்றது என்பது என் கருத்து. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் உடனே கால்சியம் மருந்து வாங்குகிறார்கள். தொட்டியில் பெரும்பாலும் கால்சியம் இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டுவதால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை. தண்ணீரைச் சீராக விட்டு, மேலே இரண்டு அங்குலம் சருகு மூடாக்குப் போட்டால் அடுத்த காய்கள் சரியாக வரும். தண்ணீர்ச் செலவும் குறையும்.

செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்கு முதல் மருந்து, இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சும் வெறும் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில சொட்டு சோப்புத் திரவம், சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும்.

கை வைக்கக் கூடாதது என்று கேட்டீர்களே, தொட்டியின் அளவும் வடிகாலும்தான். தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர் மண்ணாவது பிடிக்கும் கலம் வேண்டும். சின்னத் தொட்டியில் வைத்தால் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் செடி வாடும். பழைய வாளியோ டப்பாவோ எதுவானாலும் சரி, அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். ரசாயனம் இருந்த டப்பாவை மட்டும் காய்கறிக்கு எடுக்காதீர்கள்.