குழாய் பதிக்கத் தோண்டிய சாலை, மூடிய சில மாதங்களில் ஏன் உள்வாங்குகிறது?

குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மண்ணும் ஜல்லியும் போட்டு மூடி, மேலே தார் போடுவதுதான் சாலை வெட்டுச் சீரமைப்பு. அந்தப் பட்டை மட்டும் பிறகு இறங்குவதற்கு முதல் காரணம், மண்ணுக்குள் தங்கும் காற்று. தோண்டிய மண் உதிரியாகி, இடையிடையே வெற்றிடம் நிறைந்துவிடும். வாளியில் மணலைக் கொட்டி வாளியைத் தட்டிப் பாருங்கள், மட்டம் இறங்கும். சாலையில் அந்தத் தட்டலை லாரிச் சக்கரங்கள் செய்கின்றன.

எனவே பள்ளத்தை ஒரேயடியாக நிரப்பக் கூடாது. 15 முதல் 20 செ.மீ. தடிமனுக்கு ஓர் அடுக்கு போட்டு, இயந்திரத்தால் இடித்துக் கெட்டிப்படுத்திய பிறகே அடுத்த அடுக்கு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஐந்தாறு முறையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும். ஈரமும் அளவாக இருக்க வேண்டும்: காய்ந்த மண்ணில் துகள்கள் நெருங்காது, சேறானால் அமுங்காமல் பிதுங்கும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். போக்குவரத்தைச் சீக்கிரம் திறக்கும் அவசரத்தில் மேலே மட்டும் உருளை ஓட்டுகிறார்கள். அந்த அழுத்தம் அடிமண்ணை எட்டுவதே இல்லை.

அடுத்தது ஓரம். தோண்டும்போதே பக்கத்துப் பழைய சாலையின் அடித்தளமும் தளர்ந்துவிடும். ஆகவே பழைய தாரைப் பள்ளத்தைவிட இருபுறமும் 15 முதல் 30 செ.மீ. அகலமாக, நேர்கோட்டில் வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். இணைப்பைச் சூடான தார் பூசி அடைக்காவிட்டால் மழைநீர் புகுந்து நுண்மண்ணை அரித்துவிடும்.

தாரைக் கனமாகப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தார்ப்பரப்பு வளையக்கூடியது, அடிமண் அமுங்கினால் அதுவும் கூடவே இறங்கும்.