பாட்டியின் குறிப்பில் எழுதப்படாத அளவுகள்

கேள்வி: பாட்டி எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துப் பண்டிகைக்கு வெண்ணெய் பிஸ்கட் செய்கிறேன். “மைதா 2 கப், வெண்ணெய் 1 கப், சர்க்கரை முக்கால் கப், முட்டை 1, மிதமான சூட்டில் சிவக்கும்வரை” என்பது மட்டுமே அதில் உள்ளது. எனக்குப் பிஸ்கட் தட்டையாகப் பரவி, ஓரம் கருகிவிடுகிறது. என்ன காரணம்?

பதில்: அந்தக் குறிப்பு அவர் தமக்காக எழுதிக்கொண்டது, கைக்குப் பழகியிருந்ததை அவர் எழுதவில்லை. எனவே முதலில் மைதாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். 240 மில்லி கப்பில் கரண்டியால் தளர்வாக அள்ளிப்போட்டால் ஏறக்குறைய 120 கிராம் பிடிக்கும். அதே கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம்கூட வரும். தளர்வாக அள்ளினால் இரண்டு கப்புக்கு 60 கிராம் மைதா குறைந்துவிடலாம் என்பதால், இத்தனை வெண்ணெய் உள்ள மாவு பரவுவதற்கு இதுவே போதும். அவர் பயன்படுத்திய கப் இன்னும் வீட்டில் இருந்தால், அதில் நிரம்பத் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். கப்பின் எடையைக் கழித்தபின் தண்ணீர் எத்தனை கிராமோ, கப் அத்தனை மில்லி. கப் கிடைக்காவிட்டால் மைதா 300 கிராம், வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 150 கிராம் என்று தொடங்கலாம்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். பளபளவென்று உருகத் தொடங்கியிருந்தால் மாவு நிச்சயம் பரவும். ரொட்டியில் தடவும் மென்மையான மார்ஜரினில் தண்ணீர் அதிகம் என்பதால் அதைச் சேர்க்காதீர்கள். பிசைந்த மாவை வடிவமாக்கிய பிறகு அரை மணி நேரம் குளிரவைப்பதும், ஒவ்வொரு முறையும் தட்டை முழுவதும் ஆறவிடுவதும் அவசியம். பண்டிகை வேலையின் அவசரத்தில் சூடான தட்டிலேயே அடுத்த வரிசையை அடுக்கிவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

“மிதமான சூடு” என்பதைப் பழைய குறிப்புகளில் ஏறக்குறைய 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் என்று கொள்ளலாம். உங்கள் ஓவனில் விசிறி இருந்தால் 20 டிகிரி குறைத்து வையுங்கள். அப்படிக் குறைக்காததே கருகுவதற்குக் காரணமாக இருக்கலாம். கறுப்புத் தட்டும் அடிப்பாகத்தை விரைவில் கருக்கும்.

முழு மாவையும் வைப்பதற்கு முன் இரண்டு பிஸ்கட்டை மட்டும் வைத்துப் பாருங்கள். அப்போதும் பரவினால் மீதி மாவில் ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்த்து மறுபடியும் இரண்டு வைத்துப் பார்க்கலாம். அந்தச் சமயத்தில் சூட்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாக வந்த அளவைப் பாட்டியின் வரிகளை அடிக்காமல் அருகிலேயே கிராமில் எழுதி வையுங்கள்.