ஆறு இலட்சத்துக்கு ப்ரோ கார்டு கிடைக்குமா?

கேள்வி: நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். என் வீட்டுக்காரர் கோல்ஃப் மைதானத்தில் கெடி வேலை செய்கிறார், அதாவது ஆடுகிறவர்களுக்குப் பை தூக்குகிறார். மகளுக்கு 15 வயது. அடுத்த வருடம் ஓ.எல். எழுதப் போகிறாள். அப்பாவோடு போய்ப் பழகி நன்றாக விளையாடுகிறாள். ஒரு சின்னப் போட்டியில் கேடயமும் வாங்கினாள். ஏப்ரல் சீசனில் வந்த ஒருவர், 6 இலட்சம் ரூபாய் கொடுத்தால் பெண்கள் கோல்ஃபில் ‘ப்ரோ கார்டு’ எடுத்துத் தந்து, அமெரிக்காவில் பல்கலைக்கழக ஸ்கொலர்ஷிப்பும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். முதலில் 2 இலட்சம் வேண்டுமாம். மிச்சத்தை ஸ்கொலர்ஷிப் கிடைத்ததும் அதிலிருந்து எடுத்துக்கொள்வாராம். மகளின் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் போயிருக்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா? அப்பாவின் கெடி காசு, பரிசுக் காசு இதெல்லாம் மகளுக்குப் பிறகு பிரச்சினையாகுமா?

பதில்: தங்கச்சி, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். அவர் தருவதாகச் சொல்லும் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் விளையாடி அதற்காக உதவிப்பணம் பெறுகிறவர் தொழில்முறை ஆட்டக்காரராக இருக்கக்கூடாது. ப்ரோவாக மாறினால் அந்தக் கதவு மூடிவிடும். கோல்ஃபில் பிள்ளைகளை வளர்க்கிற எவருக்கும் தெரிந்த அடிப்படை இது. அது தெரியாமல் உங்களிடம் வந்திருந்தால் அவருக்கு இந்தத் தொழில் தெரியாது. தெரிந்துகொண்டே வந்திருந்தால் அது இன்னும் மோசம்.

அவர் ஃபோனில் உங்களுக்குக் காட்டியிருக்கக்கூடிய பரிசுத் தொகைகள் பொய்யாக இருக்காது. 1950இல் 13 பெண்கள் சேர்ந்து அமெரிக்காவில் எல்பிஜிஏ என்ற தொழில்முறை அமைப்பைத் தொடங்கினார்கள். அப்படித் தொடங்கிய விளையாட்டில், 2024 அமெரிக்க மகளிர் ஓபன் போட்டிக்கு மொத்தப் பரிசு 1 கோடியே 20 இலட்சம் டொலர். வென்றவர் யூகா சாசோ, பிலிப்பைன்ஸ் தாய்க்கும் ஜப்பான் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளை. அவருக்கு 24 இலட்சம் டொலர் கிடைத்தது. இதையெல்லாம் கேட்டால் எந்தத் தாய்க்கும் மனம் அலைபாயத்தான் செய்யும்.

ஆனால் அது சம்பளம் இல்லை. தொழில்முறைப் போட்டியில் இரண்டு நாள் ஆடியதும் ஏறக்குறைய பாதிப் பேரை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான போட்டிகளில் அவர்கள் வெறுங்கையோடுதான் போக வேண்டும். விமானச் செலவு, தங்கும் இடம், சாப்பாடு, பை தூக்குகிறவருக்குக் கூலி எல்லாம் ஆடுகிறவரின் சொந்தப் பொறுப்பு. ‘கார்டு’ என்று அவர் சொல்வது ஒரு சுற்றில், அதாவது ஒரு தொழில்முறைப் போட்டித் தொடரில், விளையாடுவதற்கான உரிமை. அதை அந்தச் சுற்றின் தகுதிப் போட்டியில் ஆடித்தான் எடுக்க முடியும். விண்ணப்பத்தை அமைப்புக்கு நேரடியாக அனுப்புவார்கள், கட்டணம் டொலரில். நூற்றுக்கணக்கான பெண்கள் ஆட, மேலே வருகிற சிலருக்குத்தான் கார்டு. நடுவில் ஒருவர் நின்று விற்க அதில் எதுவும் இல்லை. எல்பிஜிஏயில் உறுப்பினராக 18 வயது ஆக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு 15.

அடுத்தது ஸ்கொலர்ஷிப். ‘கிடைத்ததும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சுத்தான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்து உதவிப்பணம் வாங்கிக் கொடுத்ததற்காக, அந்தப் பணத்தைக் கணக்கிட்டு யாரும் பங்கு எடுக்கக்கூடாது. எடுத்தால் பிள்ளையின் தகுதியே ஆட்டம் காணும். அதாவது 2 இலட்சத்தோடு நின்றால் உங்களுக்கு நட்டம் பணம் மட்டும்தான். அவர் சொன்னபடி எல்லாம் நடந்துவிட்டால் மகளின் விளையாட்டு வாழ்க்கைக்கே ஆபத்து வரும்.

இப்படியான ஆட்களை நம் ஊரில் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாக ஆள் அனுப்பிய துணை ஏஜண்டுகள் வீடு வீடாக வந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பேச்சும் அதே பேச்சு: முதலில் கொஞ்சம் கட்டுங்கள், மிச்சத்தை அங்கே போய்க் கழிக்கலாம், பாஸ்போட்டை என்னிடமே கொடுங்கள். அந்த ஏஜண்டுகளையாவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுப் பிடிக்கலாம். ‘விளையாட்டு ஸ்கொலர்ஷிப்’ என்று வருகிறவனை யார் கேட்பது? சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஏமாந்த ஒரு குடும்பத்துக்காக நான் ஒரு திணைக்களத்துக்கு எழுதினேன். எட்டு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது, இது எங்கள் பொறுப்பில் வராது என்று. எந்தத் திணைக்களத்தின் பொறுப்பு என்பதை அந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. அதற்குள் அந்தத் தாய் அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போயிருந்தது. வட்டி கட்ட நுண்கடன் எடுத்திருந்தார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 18 வயதாகாத பெண்பிள்ளையை ‘தெரிவுப் போட்டி’, ‘பயிற்சி முகாம்’ என்று சொல்லித் தனியாகக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ கூட்டிப்போக யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ கூடப் போக முடியாத பயணம் வேண்டவே வேண்டாம்.

சரி, காசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் தெரியாமல் மாட்டுவது இங்கேதான். உங்கள் மகள் இப்போது அமெச்சூர், அதாவது பணத்துக்காக விளையாடாதவர். அந்த நிலையைக் காப்பாற்ற வேண்டும். அப்பா கெடி வேலை செய்து வாங்குகிற கூலிக்கும் மகளின் நிலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விடுமுறை நாளில் மகளே ஒருவருக்குப் பை தூக்கிக் காசு வாங்கினாலும் குற்றமில்லை. தொலைந்த பந்தைத் தேடி எடுத்து விற்றாலும் குற்றமில்லை. ஆனால் ஒரு சுற்றுலாப் பயணிக்கு மட்டையை இப்படிப் பிடியுங்கள், தோளை இப்படித் திருப்புங்கள் என்று சொல்லிக் கொடுத்து அதற்காகக் காசு வாங்கினால், அன்றைக்கே அமெச்சூர் நிலை போய்விடும். பை தூக்கினால் சரி, கற்றுக் கொடுத்தால் பிழை. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மைதானத்தில், ஒரே மனிதரிடம், ஒரே ஐந்நூறு ரூபாய்தான். ஆனால் விதி அப்படிப் பார்ப்பதில்லை. என்னிடம் பழகிய ஒரு பிள்ளை ஒரு ஹோட்டல் புல்வெளியில் விருந்தினர்களுக்கு இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்தாள். ஹோட்டல்காரர் தந்த கடித உறையில் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று எழுதியிருந்தது. பிறகு ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது, மறைக்கத் தெரியாத பிள்ளை அதைச் சொல்லிவிட்டாள். பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தக் காசு பள்ளிச் சப்பாத்துக்குப் போனது. பயணிகள் கேட்டால் மகள் சிரித்துக்கொண்டே இலவசமாகச் சொல்லிக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் அப்பாவிடம் கேட்கச் சொல்லட்டும்.

பரிசு வாங்குவதும் அப்படித்தான். 2022 ஜனவரியிலிருந்து அமெச்சூர் ஆட்டக்காரர் 700 பிரித்தானியப் பவுண் பெறுமதி வரைக்கும் பரிசு வாங்கலாம். கேடயம், மட்டை, பை எல்லாம் தாராளமாக வாங்கலாம். காசாகக் கொடுத்தால் மட்டும், ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்ப ஸ்கோரில் கழிக்கும் சலுகை அடிகள்) கழிக்காமல் ஆடிய போட்டியா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஹேண்டிகேப் கழித்து ஆடிய போட்டியில் காசு வாங்கக்கூடாது.

அந்த மனிதருக்குக் கொடுக்காத காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றால், முதலில் மகளுக்கு அதிகாரபூர்வமான ஹேண்டிகேப் எடுங்கள். 54 குழிகளுக்கான ஸ்கோர், அதாவது 18 குழி ஆட்டம் மூன்று, முறையாகப் பதிவானால் போதும். கோல்ஃப் கிளப் ஒன்றின் மூலமாகத்தான் அது நடக்கும். கிளப் வாசலில் நம் பிள்ளைகளுக்குத் தயக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். நுவரெலியா கோல்ஃப் கிளப் 1889இலிருந்து இருக்கிறது. இத்தனை தலைமுறையாக நம் ஆண்கள் அங்கே பை தூக்கியிருக்கிறார்கள். அதே வாசலால் ஸ்கோர் அட்டையோடு உள்ளே போகும் பெண்பிள்ளைகளை எண்ணிவிடலாம். உங்கள் வீட்டுக்காரர் செயலாளரிடம் நேரில் கேட்கட்டும், கூச்சம் வேண்டாம். இளையோருக்கான போட்டிகள் எப்போது என்பதையும் அங்கேயே கேட்கலாம். அமெரிக்கப் பயிற்சியாளர் பார்ப்பது அந்த ஸ்கோர்களைத்தான்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ‘உங்கள் பிள்ளை 230 யார் தூரம் அடிக்கிறாள்’ என்று அந்த மனிதர் அளந்து காட்டியிருப்பார். நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். கடல் மட்டத்தில் அதே அடி பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். கண்டிக்குப் பக்கத்தில் திகன விக்டோரியா மைதானம் நம்மை விடப் பல நூறு மீற்றர் தாழ்வு. அங்கே ஒரு தடவை ஆடிப் பார்த்தால் மகளுக்கே வித்தியாசம் புரியும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியிருக்கும் புல்தரைக்கு, பக்கத்தில் கை சுத்தமாக இருக்கிற பிள்ளை எந்த உயரத்திலும் ஆடும்.

அப்புறம் படிப்பு. கோல்ஃப் எவ்வளவு ஆடினாலும் ஓ.எல்., ஏ.எல். பெறுபேறும் ஆங்கிலமும் இல்லாமல் அந்த வழியில் ஒரு அடி வைக்க முடியாது. என்சிஏஏ பதிவை மாணவியே இணையத்தில் செய்யலாம். நம் பெறுபேறுகளை அவர்களே மதிப்பிடுவார்கள். பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு மகளே ஈமெயில் எழுதலாம்: ஸ்கோர், ஒரு சின்ன வீடியோ, பாடசாலைப் பெறுபேறு, அவ்வளவுதான். ஈமெயிலுக்குச் செலவில்லை. கோல்ஃபில் உதவிப்பணம் பெரும்பாலும் பல பேருக்குப் பிரித்துத்தான் கொடுக்கப்படும், முழுச்செலவும் கிடைப்பது அரிது. என்சிஏஏயின் மூன்றாம் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுக்கென்று உதவிப்பணமே கிடையாது. ‘முழு ஸ்கொலர்ஷிப் நிச்சயம்’ என்று எவர் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். விவரம் வேண்டுமென்றால் அமெரிக்க அரசின் எடியுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசனைச் சேவை கொழும்பில் இருக்கிறது. படிவமெல்லாம் ஆங்கிலத்தில்தான். தோட்டத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளைப் போட நம் கல்வி அலுவலகங்களுக்கு இத்தனை வருடமாக மனம் வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஏஜண்டுகள் பிழைக்கிறார்கள். பாடசாலையின் ஆங்கில டீச்சரைக் கேளுங்கள், மறுக்கமாட்டார்.

இவ்வளவும் சொன்னதால் மகளைக் கோல்ஃபிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். 1998இல் கொரியா கடன் நெருக்கடியில் திணறியபோது 20 வயது பாக் செ-ரி அமெரிக்க மகளிர் ஓபனை வென்றார். அதைப் பார்த்து எத்தனையோ கொரியத் தாய் தகப்பன்மார் மகள்களைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். அப்போது பத்து வயதை எட்டிக்கொண்டிருந்த பாக் இன்-பீ 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தார். மகனுக்கு மட்டும்தான் செலவழிப்பது என்றிருந்த வீடுகளில் மகளின் விளையாட்டுக்கும் செலவழிக்கலாம் என்ற எண்ணம் வந்தது. எனக்கு இந்த விளையாட்டில் பரிசுத் தொகையை விடப் பெரியது அதுதான்.

நமக்கு இன்னும் கிட்ட, பெங்களூர் அதிதி அசோக். ரியோவில் அவருக்கு 18 வயது, பை தூக்கியவர் அப்பா. டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா தூக்கினார். அங்கே ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். உங்கள் வீட்டில் பை தூக்கத் தெரிந்தவர் ஏற்கெனவே இருக்கிறார். மைதானத்தின் ஒவ்வொரு சரிவும் அவருக்கு மனப்பாடம். மகளுக்குக் கிடைக்கக்கூடிய பயிற்சியில் பாதி அதுதான், அதற்குக் காசும் இல்லை.

முதல் வேலையாக அந்த மனிதரிடமிருந்து பிறப்புச் சான்றிதழைத் திரும்ப வாங்குங்கள். தரத் தயங்கினால் அவருடைய பெயர், தொலைபேசி எண், அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காரரோடு பொலிஸுக்குப் போய் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். மூலப்பிரதி திரும்பக் கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். மகளுக்கு ஓ.எல். விண்ணப்பம் வருவதற்குள் அது கையில் இருக்கட்டும்.