பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கும்போது கூல்டிரிங்ஸ் குடிக்கலாமா?

பதினான்கு வயது மகளுக்குப் பல் கிளிப் போட்டிருப்பதாகவும், கூல்டிரிங்ஸை அறவே நிறுத்த வேண்டுமா, சர்க்கரை இல்லாத டயட் வகையை மட்டும் அனுமதிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல் சீரமைப்பு மருத்துவராக என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளிப் பல்லில் இருக்கும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு இவற்றை நிறுத்திவிடுவதே நல்லது. முழுவதும் நிறுத்த இயலாவிட்டால், எவ்வளவு குடிக்கிறார் என்பதைவிட எத்தனை முறை குடிக்கிறார், எவ்வளவு நேரம் இழுத்துக் குடிக்கிறார் என்பதில்தான் உங்கள் கண்டிப்பு இருக்க வேண்டும். டயட் வகை பாதிச் சிக்கலை மட்டுமே தீர்க்கும்.

இந்தப் பானங்கள் பல்லை இரண்டு வழிகளில் தாக்குகின்றன. பல்லின் மேலுறையான எனாமல் பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். கோலா பானங்களின் பிஎச் சுமார் 2.5. பிஎச் அளவில் ஓர் எண் குறைந்தால் அமிலச் செறிவு பத்து மடங்கு கூடும் என்பதால், கோலாவில் அது அந்த எல்லையைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இந்த அரிப்புக்குச் சர்க்கரையே தேவையில்லை. டயட் கோலாவிலும் பாஸ்பாரிக் அமிலம் அப்படியே இருக்கிறது. இரண்டாவது வழி சர்க்கரையால் வருவது. சாதாரண கோலாவில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. பல்லின்மேல் படியும் மென்படலத்தில் வாழும் கிருமிகள் அதைத் தின்று, எனாமலை ஒட்டியே அமிலத்தைச் சுரக்கின்றன. சொத்தை தொடங்குவது இப்படித்தான்.

கிளிப் இல்லாத வாயில் உமிழ்நீர் இந்த அமிலத்தைக் கழுவி, இழந்த தாதுவில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்துவிடும். கிளிப் போட்டபின் ஒவ்வொரு பல்லிலும் கம்பியைத் தாங்க ஒட்டப்படும் பிராக்கெட் என்ற சிறு துண்டு, அதைச் சுற்றி ஒட்டும் பசையின் விளிம்பு, குறுக்கே கம்பி, அதைக் கட்டிப்பிடிக்கும் ரப்பர் என்று படலம் தங்குவதற்குப் புதிய மூலைகள் உருவாகின்றன. கன்னமும் நாக்கும் இயல்பாகத் துடைத்துவிடும் இடங்களுக்கு இப்போது உமிழ்நீரும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பல்லைக் கெடுப்பது கிளிப் அல்ல, அதைச் சுற்றித் தேங்குவதுதான்.

நேரத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் 1940-களில், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தில் பிஎச் அளவை அளந்து பார்த்தார். சில நிமிடங்களிலேயே அது சரிந்தது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆனது. ஒரு பாட்டிலைச் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் குடித்து முடிப்பவருக்கு இந்தச் சரிவு ஒருமுறைதான் ஏற்படும். அதே பாட்டிலை டியூஷன் மேசையில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் மடக்கு மடக்காகக் குடிக்கும் மாணவருக்கோ, அமிலம் தணியும் முன்பே அடுத்த மடக்கு வந்துவிடுகிறது. குடித்த அளவு ஒன்றாக இருந்தாலும் சேதம் ஒன்றல்ல.

இதன் விளைவை நான் பார்ப்பது பெரும்பாலும் மேல்வரிசையின் பக்கவாட்டு வெட்டுப்பற்களில், பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு கீற்றில். பல் ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. காற்றுக் குழலால் சில நொடிகள் உலர்த்தியதும், சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு மங்கிய வெண்மை எழுந்து வரும். தாது இழந்த எனாமலின் நுண்துளைகளில் நீர் இருந்த இடத்தில் காற்று புகுந்து, ஒளி சிதறுவதால் வரும் வெண்மை அது. உலர்த்தினால் மட்டும் தெரிந்தால் தொடக்கநிலை. ஈரத்திலேயே தெரிந்தால் ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். கவனிக்காமல் விட்டால், கிளிப்பைக் கழற்றும் நாளில் பிராக்கெட் மூடியிருந்த இடம் மட்டும் இயல்பான நிறத்தில் நிற்க, சுற்றிலும் வெள்ளை விளிம்பு தெரியும். படலம் சுத்தம் செய்யப்படாத வாயில் இத்தகைய தழும்பு நான்கு வாரங்களிலேயே தோன்றக்கூடும். 1982-இல் வெளியான கொரெலிக் குழுவினரின் ஆய்வில், நிலையான கிளிப் போட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஒரு பல்லிலாவது வெள்ளைத் தழும்பு காணப்பட்டது. கிளிப் போடாதவர்களில் அது கால்பங்கு அளவில்தான் இருந்தது.

கூல்டிரிங்ஸ் என்றதும் கோலாவை மட்டும் நினைத்துவிடாதீர்கள். எலுமிச்சை சோடாவில் உள்ள சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்து இழுக்கும் தன்மையும் உடையது. பாக்கெட் மாம்பழச் சாறும் விளையாட்டு வீரர்களுக்கான பானங்களும் ‘பழம்’, ‘சக்தி’ என்ற பெயரில் இதே சர்க்கரையையும் அமிலத்தையும்தான் தருகின்றன. சர்க்கரை சேர்க்காத மோர் புளித்தாலும் அஞ்ச வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமல் கரைவதைப் பெருமளவு தடுக்கும். இளநீரில் இயற்கைச் சர்க்கரை உண்டு, ஆகவே இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டிருக்காமல் ஒரே தடவையில் குடித்துவிடுவது நல்லது. தண்ணீருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

திருமணம், பிறந்தநாள் என்று தவிர்க்க முடியாத நாளில், சாப்பாட்டோடு, ஸ்டிரா வைத்து, வாயில் வைத்துக்கொண்டிராமல் குடிக்கட்டும். உடனே தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்கட்டும். பதறிப்போய் உடனே பல் துலக்க வேண்டாம், ஏனெனில் அமிலத்தால் இளகிய மேற்பரப்பைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். அரை மணி நேரமாவது கழியட்டும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், இரவில் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. பற்பசையில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் அது இருப்பதில்லை. 1000 பிபிஎம் அளவு இருக்கும் பசையும், கம்பிக்கு அடியில் நுழையும் இடைப்பல் பிரஷும் இந்த வயதில் மிக அவசியம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வரும் பெற்றோர் ஃபுளோரைடு என்றாலே தயங்குகிறார்கள். அங்குள்ள நிலத்தடி நீரில் அது மிகுந்திருப்பதால் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபுளோரைடு மிகுவதால் வரும் ஃபுளோரோசிஸ் கறை, பல் முளைப்பதற்கு முன் அது உருவாகும் பருவத்தில் ஏற்படுவது. உங்கள் மகளுக்கு ஏற்கெனவே முளைத்திருக்கும் பற்களில் பற்பசையால் அது வராது.

வெள்ளைத் தழும்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தால், மேற்பரப்பு உடையாதவரை நம்பிக்கை உண்டு. பானங்களை நிறுத்தி, சுத்தத்தைச் சீராக்கினால் பரவுவது நின்றுவிடும். கிளிப் கழற்றியபின் சில மாதங்களில் ஓரளவு மங்கவும் செய்யும். மங்காததை, எனாமலின் நுண்துளைகளுக்குள் ரெசின் என்ற பிசினை ஊறவைக்கும் சிகிச்சையால் பெரிதும் மறைக்கலாம். மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் அடைப்பதைத் தவிர வழியில்லை. சொல்லியும் கேளாமல் தழும்பு பரவிக்கொண்டே போகும் நோயாளிக்கு, பற்கள் முழுமையாக வரிசைக்கு வராத நிலையிலேயே கிளிப்பைக் கழற்றிவிடும் முடிவை நாங்கள் எடுக்க நேர்வதும் உண்டு.