பை ஏன் ஊஞ்சலாடுகிறது? ஒல்லி உடம்பும் குத்தின் பலமும்

கேள்வி: வயது 21. உயரம் 6 அடி, எடை 62 கிலோ. எட்டு மாதமாகக் குத்துச்சண்டை பழகுகிறேன். கூடப் பழகுபவரும் அதே எடைதான், ஆனால் என்னைவிட அரை அடி குள்ளம், கட்டையான உடம்பு. பயிற்சிக்குத் தொங்கவிட்டிருக்கும் குத்துப்பையை அவர் அடித்தால் பை ‘தப்’பென்று அதிர்கிறது. நான் அடித்தால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. ஒல்லியாக இருப்பவனுக்குக் குத்தில் பலம் வராதா? எடை ஏற்றிக்கொள்ளட்டுமா?

பதில்: இருவருக்கும் ஒரே எடை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் குறை உடம்பில் இல்லை, அடிக்கும் முறையில் இருக்கிறது. பை ஊஞ்சலாடினால் நீங்கள் அதைக் குத்தவில்லை, தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். முஷ்டி பட்ட பிறகும் பையோடு ஒட்டிக்கொண்டே போகிறது. விசை ஒரே கணத்தில் இறங்காமல் நீண்டு கரைந்துவிடுகிறது. சரியான குத்தில் பை பட்ட இடத்தில் குழியும், மேலே சங்கிலி குலுங்கும், பை அதிகம் நகராது.

உங்கள் உடல்வாகுக்கு நல்ல உதாரணம் டெட்ராய்ட்டின் குத்துச்சண்டை வீரர் தாமஸ் ஹெர்ன்ஸ். உயரம் 6 அடி 1 அங்குலம், கை வீச்சு 78 அங்குலம், வெல்டர்வெயிட்டில் 66.7 கிலோவுக்குள் ஆடியவர். கால்கள் குச்சி மாதிரி இருக்கும். அமெச்சூராக நூற்றைம்பது ஆட்டங்களுக்கு மேல் வென்றும் நாக்அவுட் சொற்பம்தான். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டுவர்ட் அவர் நிற்கும் விதத்தையும் குத்தின் பின்னால் உடம்பைத் திருப்பும் விதத்தையும் மாற்றினார். பிறகு 1980-ல் பிப்பினோ குவேவாஸ், 1984-ல் ராபர்ட்டோ டுரான், அவரோடு மோதிய இரண்டு பேருமே இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை.

குத்து தரையிலிருந்து வருகிறது. 1985-ல் வெளியான சோவியத் ஆய்வு ஒன்று நேர்குத்தின் பலத்தில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தது. தேர்ந்த வீரர்களுக்குக் கால் உதைப்பின் பங்கு 38 சதவீதத்துக்குச் சற்று மேல், கை நீட்டலின் பங்கு 24 சதவீதம். தொடக்க நிலையினருக்குக் கால் 16-17 சதவீதம்தான், கையோ 38. நெட்டையானவர்களிடம் இந்தக் கோளாறு கூடுதலாகத் தெரியும். முழங்கால் மடங்காமல் நிமிர்ந்து நிற்பார்கள், காலால் உதைக்க இடமே இருக்காது.

சரி, உடல்வாகு எதைத்தான் தீர்மானிக்கிறது? பலம் எந்தத் தூரத்தில், எந்தக் குத்தில் வெளிவரும் என்பதை. நீண்ட கைக்கு வேகம் பிடிக்க நீண்ட பாதை உண்டு, ஆகவே நேர்குத்துதான் உங்கள் ஆயுதம். ஆனால் அந்தப் பாதைக்கு இடம் வேண்டும். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டினால் அந்தக் கையே சுமை. ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) போடும்போது முழங்கை விரிந்துவிடும், குத்து வெறும் அறைதலாக மாறிவிடும். கட்டையானவரின் குட்டைக் கை 90 பாகையில் மடங்கி உடம்போடு பூட்டிக்கொள்ளும். இடுப்பு திரும்பினால் முழு உடம்பின் கனமும் கூடவே போகும். ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ராக்கி மார்சியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 84 கிலோ, ஹெவிவெயிட்டுக்குக் குட்டையான கைகள், 49 ஆட்டத்தில் 43 நாக்அவுட். 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட்டைச் சாய்த்த அந்த வலதுகைக் குத்து ஓர் அடி தூரம்கூடப் பயணித்திருக்காது. உங்கள் நண்பர் அந்த வகை. அவரைப் பார்த்து ஹூக் பழகாதீர்கள்.

இனி உங்கள் பின்கை நேர்குத்து, அதாவது நிற்கும்போது பின்னால் இருக்கும் கையால் போடுவது. கால்கள் தோள் அகலத்தைவிடச் சற்று அதிகம் விரியட்டும், முழங்கால் இளகட்டும், பின்குதிகால் இரண்டு விரல் கனம் தூக்கியிருக்கட்டும். பின்பாதத்தின் முன்பகுதியால் தரையை உதைத்துக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்கள். இடுப்பு, தோள், கடைசியில் கை. இந்த வரிசை மாறினால் பலம் நடுவழியிலேயே கசியும். முன்கால்தான் பிரேக். அது உறுதியாக ஊன்றி நின்றால்தான் இடுப்பின் வேகம் மேலே ஏறும். முன்முழங்கால் முன்னால் வழிந்தால் பை ஆடும். பெரும்பாலும் உங்களிடம் நடப்பது இதுவாகத்தான் இருக்கும். முஷ்டியைப் படும் கணத்தில் மட்டும் இறுக்குங்கள். தொடக்கத்திலிருந்தே இறுக்கினால் தோள் விறைத்து வேகம் போய்விடும்.

தூரத்தையும் சரிபாருங்கள். தோளைத் திருப்பிக் கையை முழுதாக நீட்டினால் முஷ்டி பையின் மேற்பரப்பைத் தாண்டி நான்கு விரல் அளவு உள்ளே போகிற இடத்தில் நில்லுங்கள். அதைவிடத் தள்ளி நின்றால் எட்டுவதற்காக இடுப்பில் குனிவீர்கள், தலை முன்முழங்காலைத் தாண்டும், குத்தும் தள்ளலாகும். போனைப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். முஷ்டி படுவதற்கு முன்பே பின்குதிகால் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இரண்டு வாரம் ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் மூன்று சுற்றை 60 சதவீத வேகத்தில், ஒற்றைக் குத்துகளாக மட்டும் போடுங்கள். சலிப்பாக இருக்கும்தான்.

எடை விஷயம். கனம் உதவும், மறுக்கவில்லை. ஆனாலும் 2018-ல் சுமார் 96 கிலோ டியான்டே வைல்டர் 116 கிலோ டைசன் ஃபியூரியை இரண்டு முறை தரையில் விழவைத்தார். அமெச்சூர் குத்துச்சண்டையின் சர்வதேச அமைப்பான வேர்ல்ட் பாக்ஸிங்கின் எடைப் பிரிவுகளில் ஆண்களுக்கு 60-க்கு அடுத்தது 65 கிலோ, எனவே உங்களுக்கு இன்னும் மூன்று கிலோ இடம் இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 62 குறைவுதான். நான்கைந்து மாதத்தில் நிதானமாக ஏற்றலாம். அது தொடை, புட்டம், முதுகில் ஏறட்டும். பைசெப்ஸ் கண்ணாடிக்குத்தான் உதவும். வாரம் இரண்டு நாள் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடைக்கம்பியை நிமிர்ந்து தூக்குவது), 5 முறை வீதம் 3 செட். 3 கிலோ மெடிசின் பந்தைப் பக்கவாட்டில் நின்று சுவரில் முழுவேகத்தில் எறியுங்கள். பக்கத்துக்கு 5 முறை, 4 செட், நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. பந்தின் வேகம் குறைந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். இதைப் பைக்கு முன்னால் செய்ய வேண்டும், களைத்த பிறகு அல்ல.

ஒன்று கவனம். மெலிந்த மணிக்கட்டுக்காரருக்குக் குத்தில் பலம் கூடக் கூடக் கையில் அடிபடும் வாய்ப்பும் கூடும். மணிக்கட்டு நேராக, ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் படும்படி அடியுங்கள். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்த விரலின் உள்ளங்கை எலும்பு, முட்டிக்குச் சற்றுக் கீழே உள்ள கழுத்துப் பகுதியில் முறியலாம். கையுறைக்குள் சுற்றும் கைத்துணியை மணிக்கட்டில் மூன்று நான்கு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். விரல் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம். அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.