நெட் மாற்றியாச்சு, பழைய பில் நிற்கவில்லை: திருகோணமலை வாசகர் கேள்வி பதில்

வீட்டு இன்டர்நெட்டை ஒரு கொம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வரும் பில் சிக்கல்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். டவுனிலிருந்தும் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கமிருந்தும் நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். தொலைத்தொடர்புக் கொம்பனி ஒன்றின் பில் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நான் எந்தக் கொம்பனிக்கும் ஆள் இல்லை. கேள்விகளில் இருந்த கொம்பனிப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். யாரைத் திட்டினாலும் பில் குறையப்போவதில்லை.

உவர்மலை, ஓர் அக்கா: அண்ணா, பைபர் வந்தவுடன பழைய ரவுட்டரைக் கழற்றிப் பெட்டியில வச்சிட்டன். காசும் கட்டேல்ல, அவையாவே வெட்டுவினம் எண்டு நினைச்சன். வெட்டித்தான் போட்டினம். அதுக்குப் பிறகும் ரெண்டு பில் வந்து, இப்ப சிவப்பு எழுத்தில கடிதம். பாவிக்காத லைனுக்கு என்ன காசு?

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான் தங்கச்சி, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பில் போடும் கணினிக்கு உங்கள் ரவுட்டர் எரிகிறதா, பெட்டிக்குள் இருக்கிறதா என்பது தெரியாது. உங்கள் கணக்கு இலக்கத்துக்கு எதிரே மூடும் கட்டளை ஒன்று பதிவாகியிருக்கிறதா, அதில் என்ன திகதி என்பதை மட்டும்தான் அது பார்க்கும். காசு கட்டாததால் வெட்டுவது வேறு. அது உங்களைக் கட்ட வைப்பதற்காகச் செய்வது. கட்டினால் அன்றைக்கே திறந்துவிடுவார்கள். அப்படித் திறப்பதற்காகக் கணக்கை உயிரோடு வைத்திருப்பார்கள், மாத வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அடையாள அட்டையும் கடைசிப் பில்லும் ரவுட்டரும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். போனில் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். கடிதத்தை இரண்டு பிரதி எழுதுங்கள்:

"என் பெயரிலுள்ள இந்த இலக்கக் கணக்கை இன்றைய திகதியுடன் நிரந்தரமாக மூடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதே இலக்கத்திலுள்ள தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி ஆகிய எல்லாச் சேவைகளும் இதில் அடங்கும். இறுதிப் பில்லை இத்திகதி வரை கணக்கிட்டுத் தரவும். ரவுட்டரை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதன் தொடர் இலக்கம் கீழே."

ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லை என்றால் பெற்றவரின் கையெழுத்தாவது வேண்டும். அதுவும் மறுத்தால் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைக் கடிதத்தோடு குத்தி வையுங்கள்.

வந்த பில்களை இரண்டாகப் பிரியுங்கள். வெட்டிய நாள் வரைக்கும் உள்ளது உங்கள் கடன், அதைக் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு போட்ட வாடகையைத் தனியாக எழுதி, "சேவை தரப்படாத காலத்துக்கான இத்தொகையை மறுக்கிறேன்" என்று கேளுங்கள். முழுதாகக் கழிப்பார்கள் என்று உறுதி தரமாட்டேன். ஒப்பந்தத்தில் என்ன கையெழுத்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் ஒத்துக்கொண்ட பகுதியைக் கட்டியவரின் முறைப்பாட்டுக்கும், ஒரு சதமும் கட்டாதவரின் முறைப்பாட்டுக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. அந்தக் கதிரையில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நிலாவெளி, சிறிய விருந்தினர் விடுதி வைத்திருப்பவர்: 3,000 ரூபா பக்கேஜ் எண்டு 19ஆம் திகதி புது லைன் போட்டவை. முதல் பில் 5,000ஐத் தாண்டீட்டு. ஏமாத்தீட்டாங்களோ?

பில்லில் "காலம்" என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். 30 நாள் மாதத்தில் 19 முதல் 30 வரை 12 நாள். நாளுக்கு 100 ரூபா வீதம் 1,200. அடுத்த மாத வாடகையை முன்கூட்டியே எடுத்திருந்தால் இன்னொரு 3,000. மொத்தம் 4,200. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அது மட்டும் 756. அதைவிட வேறு வரிகளும் உண்டு. ஆகவே 5,000ஐத் தாண்டுவது அதிசயம் இல்லை. அடுத்த பில்லும் இப்படி வந்தால் எழுதுங்கள். விளம்பரத்தில் போடும் விலை வரிக்கு முந்தியதா என்று இனி ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கத்தை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வாடகையை முன்கூட்டி எடுக்கும் கொம்பனியை விட்டு நடு மாதத்தில் விலகினால், அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும். மாதம் 2,400 கட்டி 12ஆம் திகதி மூடினால் மீதி 18 நாளுக்கு 1,440. சில பக்கேஜ்களில் நாட்கணக்கில் உடைத்துப் பார்க்கமாட்டார்கள். அப்படியானால் பில் மாதம் முடிகிற நாளுக்கு ஒட்டி மூடுவதுதான் புத்தி.

கிண்ணியா: ஸலாம் நானா. வீட்டுக்கே வந்து 4ஜி ரவுட்டர் வித்தாங்க. ஜன்னல்ல வச்சாத்தான் ஒரு பார் வருது, பின்னேரம் ஆனா அதுவும் இல்ல. திருப்பிக் குடுக்கப் போனா ஒப்பந்தக் காலம் முடியல்ல, மிச்சக் காசு கட்டச் சொல்றாங்க.

வஅலைக்கும் ஸலாம் தம்பி. முதலில் நீங்கள் கையெழுத்து வைத்த படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். குறைந்தபட்சக் காலம் எவ்வளவு, முன்னதாக விலகினால் கட்டணம் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். இல்லாத ஒன்றை வாயால் கேட்டால் கட்டத் தேவையில்லை. இருந்தால், "வேண்டாம், பிடிக்கவில்லை" என்று பேசாதீர்கள். "விற்ற சேவை இந்த முகவரியில் கிடைக்கவில்லை" என்பதுதான் உங்கள் வாதம். அதற்கு ஆதாரம் வேண்டும். காலையும் இரவும் வேக அளவீடு எடுத்து, திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் வையுங்கள். கஸ்டமர் கெயாருக்கு எடுத்துப் பழுது முறைப்பாடு பதிந்து, அந்த இலக்கத்தை எழுதி வையுங்கள். முறைப்பாடு ஒன்றும் இல்லாமல் ஒரு மாதம் கழித்துப் போனால், இத்தனை நாள் பாவித்தீர்கள்தானே என்பார்கள்.

வாசலுக்கு வந்து விற்பவருக்கு விற்பனைக்குத்தான் கொமிஷன், சிக்னலுக்கு இல்லை. வாங்குமுன் அதே கொம்பனி சிம் போட்ட ஒரு போனை வீட்டின் உள் அறையில் வைத்து இரவு எட்டு மணிக்குப் பாருங்கள்.

பாலையூற்று: பழைய ரவுட்டரை லைன் கழற்ற வந்த பெடியனிட்ட குடுத்தனான். இப்ப இறுதிப் பில்லில ரவுட்டர் காசு போட்டிருக்கு.

துண்டு வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பரவாயில்லை, வழி இருக்கிறது. அவர் வந்த நாளில் உங்கள் போனுக்கு அழைத்திருப்பார், அந்த அழைப்புப் பதிவைத் தேடுங்கள். குறுஞ்செய்தி இருந்தால் இன்னும் நல்லது. அன்றைய வேலைக் கட்டளையைப் பார்த்து, வந்த உத்தியோகத்தரிடம் விசாரிக்கும்படி எழுதிக் கேளுங்கள். பல நேரம் ரவுட்டர் வானுக்குள்ளேயோ ஸ்டோரிலோ பதியப்படாமல் கிடக்கும்.

இனிக் கொடுப்பவர்கள்: ரவுட்டரைக் கவிழ்த்து அடியிலுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுங்கள், பார்கோடுக்குக் கீழே உள்ள தொடர் இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பவர் அடப்டரையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லை என்று தனியாகக் காசு போட்ட பில்லும் பார்த்திருக்கிறேன். ரவுட்டர் காசு கொடுத்து வாங்கியதா, கொம்பனியின் பொருளா என்பதையும் முதல் பில்லில் பாருங்கள். வாங்கியது என்றால் திருப்பிக் கொடுக்கவே தேவையில்லை.

மூதூர்: 2025 நவம்பர் டித்வா புயலோட செத்த லைன். கன நாளா வரேல்ல எண்டு வேற கொம்பனிக்கு மாறீட்டம். செத்துக் கிடந்த நாளுக்கும் பில்.

பழுது என்று அறிவித்த திகதியும் இலக்கமும் இருக்கிறதா? இருந்தால் அந்த நாளிலிருந்து வாடகையைக் கழிக்கும்படி கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஊர் முழுக்க லைன் போனது எல்லாருக்கும் தெரியும்தானே என்று நீங்கள் நினைக்கலாம், பில்லுக்குத் தெரியாது. அறிவிக்கவில்லை என்றால் அயலவர்களின் முறைப்பாட்டு இலக்கங்களைச் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். ஒரே தெருப்பெட்டியில் இருந்து போகும் லைன்கள் என்றால் அவர்களின் பழுதுப் பதிவே உங்களுக்குச் சாட்சி.

திருக்கடலூர்: நெட்டை மட்டும் நிப்பாட்டினன். மாதா மாதம் இன்னும் பில் வருது, தொகை மட்டும் குறைவு.

தொலைபேசி வாடகையும் டிவி வாடகையும் ஓடுகின்றன. ஒரே கம்பியில் மூன்று சேவை, மூன்று வாடகை. மேலே உள்ள கடிதத்தில் மூன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அன்புவழிபுரம்: காசு வங்கிக் கார்ட்டிலிருந்து தானாப் போகும். மாறின பிறகும் போகுது. வங்கியில சொல்லி நிப்பாட்டட்டோ?

நிப்பாட்டலாம், ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள். கணக்கை மூடாமல் கார்ட்டை மட்டும் நிறுத்தினால் நிலுவை ஏறி, நீங்களும் உவர்மலை அக்காவின் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். மூடும் கடிதம், இறுதிப் பில், அதன் பிறகு கார்ட் என்ற வரிசையில் செய்யுங்கள். மூடிய திகதிக்குப் பிறகு கழித்தது இருந்தால் முத்திரையிட்ட பிரதியோடு கொம்பனியிடம் திருப்பிக் கேளுங்கள், வங்கியிலும் உடனே மறுப்புப் பதியுங்கள். கார்ட் மறுப்புக்கு வங்கிகள் கால எல்லை வைத்திருக்கின்றன, ஆறுதலாகப் போனால் எடுக்கமாட்டார்கள்.

உப்புவெளி, வீட்டுக்காரர்: வாடகைக்கு இருந்தவர் மாற்றம் கிடைச்சுப் போட்டார். அவற்ற பில்லுக்கு என்ற முகவரிக்குச் சட்டத்தரணி கடிதம் வருது.

கடன் ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை ஐயா. கட்ட வேண்டாம். "இவர் இங்கு இல்லை, நான் இக்கணக்கின் உரித்தாளர் அல்ல" என்று ஒரு வரி எழுதி, கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த முறை வாடகை முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் லைன் மூடிய துண்டைக் கேளுங்கள்.

கனடாவிலிருந்து ஒருவர்: அப்பா காலமாகிவிட்டார். லைன் அவர் பெயரில். அம்மா தனியாக லிங்கநகரில். புதுக் கொம்பனிக்கு மாற்ற, பழையதை மூட அப்பா வரவேண்டுமாம்!

கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு நடைமுறை தெரியவில்லை. மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, அவருடைய கடிதம் ஆகியவற்றோடு பொறுப்பதிகாரியைச் சந்திக்கச் சொல்லுங்கள். பழைய லைனுக்கு வைப்புப் பணம் கட்டியிருந்தால் அதையும் கேட்கலாம். பழைய கோப்பைத் தேடுங்கள்.

தம்பலகாமம்: எப்பவோ விட்ட லைனுக்கு இப்ப நிலுவைக் கடிதம்.

எந்த ஆண்டு என்று பாருங்கள். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட நம் சட்டம் பொதுவாக 6 ஆண்டு தருகிறது. அது தாண்டியிருந்தால், பயத்தில் "கொஞ்சம் கட்டிவிடுகிறேன்" என்று காசோ கடிதமோ கொடுக்காதீர்கள். ஒப்புக்கொண்டால் காலம் புதிதாக எண்ணத் தொடங்கக்கூடும். தாண்டவில்லை என்றால் பழைய பில் விபரத்தைக் கேளுங்கள். சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இருக்கிறது. அங்கே சட்டத்தரணி இல்லாமல் நீங்களே பேசலாம்.

சீனக்குடா: ஸ்டார்லிங்க் போட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லைதானே?

செய்மதி வழியாக வரும் இந்த இன்டர்நெட் 2025 ஜூலையில் இங்கே தொடங்கியது. கார்ட்டில் முன்கூட்டிக் காசு எடுக்கும் முறை, நிலுவை ஏறாது. ஆனால் சண்டை பிடிக்கக் கிளைக் கவுண்டர் இல்லை. எனக்குக் கவுண்டர் வேண்டும்.

பெரியகடை: ஆணைக்குழுவின் 1900க்கு எடுத்தன். முதல்ல கொம்பனியிட்டப் போகச் சொல்லீட்டினம்.

அது தட்டிக்கழிப்பு இல்லை, ஒழுங்கு அதுதான். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது, பாவனையாளர் முறைப்பாட்டை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் கொம்பனிக்கு முதலில் ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்களா என்று பார்க்கும். ஆகவே கொம்பனியிடம் எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கம் எடுங்கள். பதில் வரவில்லை அல்லது வந்தது சரியில்லை என்றால், கொழும்பு 08, எல்விட்டிகல மாவத்தை 276ஆம் இலக்கத்துக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கணக்கு இலக்கம், முறைப்பாட்டு இலக்கம், மறுக்கும் தொகை, நீங்கள் கேட்பது என்ன என்ற நான்கும் முதல் பக்கத்திலேயே வரவேண்டும். எத்தனை முறை அலைந்தீர்கள், யார் மரியாதை இல்லாமல் பேசினார் என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்துக்கு. பில்லின் மூலப் பிரதியை அனுப்பாதீர்கள், போட்டோக்கொப்பி போதும்.