எந்தப் பொங்கல்?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

முல்லைத்தீவு முள்ளியவளையில் எங்கள் வீட்டில் இருந்த பத்திரங்கள் எல்லாம் 2009 இல் அழிந்துவிட்டன. அப்பப்பா யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்த தன் தங்கைக்கு எழுதிய 37 கடிதங்கள் மட்டும் அவர்கள் வீட்டுப் பெட்டியில் தப்பியிருந்து இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. பலவற்றில் திகதி இல்லை. ஒன்றில், "பொங்கல் முடிந்த கையோடு காணி உறுதி எழுதுவம்" என்கிறார். நான் அதைத் தை மாதம் என்று குறித்தேன். அப்பாச்சியோ ஆனியில்தான் காணி எழுதியது என்று உறுதியாகச் சொல்கிறார். நான் யாரை நம்புவது?

அன்புள்ள வாசகருக்கு,

அப்பப்பாவின் கடிதம், அப்பாச்சியின் நினைவு இரண்டையும் நம்பலாம் என்றே நினைக்கிறேன். முள்ளியவளையில் இருந்துகொண்டு ஒருவர் வெறுமனே "பொங்கல்" என்று எழுதினால், அது வைகாசியில் வரும், அருகிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாக்குத் தெண்டல் என்ற சடங்கில் தொடங்கி, கடல்நீர் எடுத்து வந்து காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்து, பொங்கல் நாளான திங்கட்கிழமை வரை அந்த ஊர் வேறு நினைவில்லாமல் இருக்கும். கோப்பாயில் இருந்த தங்கையும் அந்த ஊரில் பிறந்தவர் என்றால், எந்தப் பொங்கல் என்று அவருக்கு விளக்க வேண்டிய தேவையே அப்பப்பாவுக்கு இருந்திருக்காது.

ஆனாலும் இதை அப்படியே எழுதிவிடாதீர்கள். அதே கடிதத்தில் வயலைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல்லின் வெட்டு இனித்தான் என்றால் அது தைப்பொங்கல்; சூடடித்து நெல் விற்ற காசைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அப்பாச்சி சொன்ன ஆனி சரியாகிவிடும்.

ஆண்டைக் கடித உறை சொல்லக்கூடும். தபால் முத்திரை தெளிவாக இருந்தால் அதுவே போதும். அது அழிந்திருந்தால் முகவரியைப் பாருங்கள்: முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல், அதற்கு முன் வவுனியா மாவட்டம் என்றே எழுதியிருப்பார்கள். பழைய வழக்கத்தை விடாதவர்களும் உண்டு என்பதால் இதை ஒரு தடயமாக மட்டும் கொள்ளுங்கள். உறுதி எழுதிய நொத்தாரிசு அதன் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். அங்கும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் அப்பாச்சியிடம் போய் இருங்கள். எந்த ஆண்டு என்று கேட்டால் அவர் தடுமாறக்கூடும். காணி எழுதிய அந்த முறை பொங்கலுக்குக் கோப்பாயிலிருந்து யார் யார் வந்தார்கள், எந்தப் பிள்ளை அப்போது மடியில் இருந்தது என்று கேளுங்கள்.

அன்புடன்.